பஞ்சாரத்துக்குள் இன்னொரு கோழி

அன்புத் தங்கச்சிக்கு,

"ஏக்கா, எல்லாத்துக்கும் ஒரே கம்புதான போடுதீக, இது மட்டும் ஏன் மெலியுது?" என்று போன தடவை என் கோழிகளைப் பார்த்துக் கேட்டாயே.

மற்றவை கொத்தி விரட்டுவதால்தான் என்று அந்த வெடைக்கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் அடைத்துக் கம்பு வைத்தேன். அது தொடவே இல்லை. "கோழிக்கும் தனி டியூஷனா டீச்சர்?" என்று பக்கத்து வீட்டு மாடத்தி சிரித்தாள். பிறகு சாதுவான ஒரு கோழியைக் கூட விட்டேன். அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தியது. இப்போது சாயங்காலம் தடவினால் இரைப்பை நிறைந்திருக்கிறது. தேறிவிடும்.

உன் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து உனக்குச் சாப்பாடு மாடி அறைக்கே வருகிறதாம். தட்டு அப்படியே திரும்புகிறதாம். உன் மருமகள் சொன்னாள். உன் மகன் தீபாவளி லோடு ஏற்றிய லாரியோடு அலைவதால், கீழே அவளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

நாளை மத்தியானம் உன் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்.

உன் அக்கா