ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது

மாமா,

இன்று காலை பக்கத்து வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டு பொரித்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்குக் காது வலி. வாசனை நம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். மனசில் ஒன்றும் தோன்றவில்லை. பாதி வழியில்தான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவும் தோன்றவில்லை.

அன்று கடலூரில், உங்கள் வீட்டுக் கூடத்தில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தீர்கள். உங்கள் இடது காதில் அத்தை அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். "எந்நேரமும் உப்புக் காத்துலயே நின்னுக்கினு இருந்தா காது அடைக்காம இன்னா பண்ணும்?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அது வெறும் அடைப்பு. அது அடைப்பில்லை என்று நம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காது கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவந்தது, அதற்குச் சில நாள் முன்பு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில். லீவுக்கு வந்திருந்தீர்கள். உங்களுக்கு இடது பக்கம் ஒரு பஸ் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் விசிலடிக்கிறார், பூக்காரம்மா கத்துகிறார், நான் "மாமா, மாமா" என்கிறேன். நீங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்த்தீர்கள்.

கடற்படையில் உங்கள் வேலையே கேட்பதுதான். கப்பலில், சத்தத்தை வைத்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் அறையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அதன் பிறகு மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுத்துக் கொச்சிக்கு அனுப்பினார்கள். நீருக்கடியில் நடக்கும் போரைப் பற்றிய முதுகலைப் படிப்பு. இந்தச் செய்தியைச் சொன்னபோது அத்தைக்குப் புரியவில்லை. "இன்னும் இன்னாடா படிப்பு? கல்யாணம் ஆயிடுச்சி, புள்ள பெத்துக்கற வயசு" என்றார்.

கணக்கை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது உங்களுக்கு. உங்களோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள் என்று சொல்வீர்கள். நான் இங்கே சிதம்பரத்தில் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் சாயங்காலமானால் போன் வரும்.

"டீச்சர், இந்தக் கற்பனை எண்ணு எதுக்கு? இல்லாத ஒண்ண வெச்சிக்கினு இருக்கற கப்பல எப்பிடிக் கண்டுபுடிக்கறது?"

"இல்லாதத கணக்குல சேத்தாதான் மாமா, இருக்கறது ஒழுங்கா வரும்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். பிறகு, "இதுக்குத்தான் அத்தை பொண்ண விட்டுட்டு மாமா பொண்ணக் கட்டுனேன்" என்பீர்கள்.

நீங்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். கடலின் மேல்தண்ணீர் சூடு, கீழே குளிர்ச்சி. அந்த வித்தியாசத்தில் சத்தம் வளைந்து போகும். அப்படி வளையும்போது, சத்தமே எட்டாத இடங்கள் கடலுக்குள் உண்டாகும். நீர்மூழ்கி அங்கே போய் ஒளிந்துகொள்ளும். கரையோரக் கடலில் இன்னொரு தொல்லை, மீன்பிடிப் படகுகளின் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் மெல்லிய சத்தத்தைப் பிரித்தெடுப்பதுதான் உங்கள் ஆய்வு. "நம்ம ஊரு போட்டுங்க போடற சத்தத்துல யார் வேணா வந்து ஒளிஞ்சிக்கலாம்" என்றீர்கள். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது உங்களுக்கு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ரொம்ப நாளாகவே இடது காது மங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்கள்.

"அப்ப லேப்ல எப்பிடி சமாளிக்கறீங்க?"

"ஹெட்போன மாத்திப் போட்டு ரெண்டு தபா கேப்பேன். அதுவும் இல்லாம, இப்பல்லாம் ஜாஸ்தி ஸ்கிரீனப் பாத்துத்தான். சத்தம் கோடாத் தெரியும்."

"டாக்டர்கிட்ட?"

"தீசிஸ் முடியட்டும். இப்பப் போனா மெடிக்கல் போர்டு, அது இதும்பாங்க. கப்பல்லருந்து எறக்கிடுவாங்க."

நான் வற்புறுத்தினேன். நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். அதற்குப் பிறகுதான் கடலூர் போனோம், அத்தை எண்ணெய் விட்டார். மறுநாள் சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், வழக்கம்போல் என்னை உங்கள் வலது பக்கம் உட்கார வைத்துக்கொண்டீர்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது, எதிரே பார்த்தபடியே சொன்னீர்கள்.

"சொல்லிடலாம்னு இருக்கேன்."

"தீசிஸ் முடியட்டும்னீங்களே?"

"முடிச்சா கப்பல்ல போட்டுடுவாங்க. அங்க நான் 'ஒண்ணும் கேக்கல'ன்னு சொன்னா, அத நம்பிக்கினு எல்லாரும் போயிப் படுத்துடுவாங்க. நெசமாலுமே கடல்ல ஒண்ணும் இல்லியா, இல்ல எனக்குத்தான் கேக்கலியான்னு அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சொன்னா கப்பல் கெடையாதே, மாமா."

"கெடையாதுதான்."

டிக்கெட்டைச் சின்னதாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தீர்கள்.

கொச்சிக்குப் போனதும் சொல்லிவிட்டீர்கள். ஸ்கேன் எடுத்தார்கள், நானும் கொச்சிக்கு வந்தேன். காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி ஒரு கட்டி. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது நான் அவர் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசில் ஒன்றும் தோன்றாத இந்த மரத்துப்போதல் அன்றைக்குப் பிடித்ததுதான். இன்னும் விடவில்லை. ஆபரேஷனில் இடது காது முழுதாகப் போயிற்று. தையல் ஆறியதும் திரும்பிப் போய் ஆய்வை முடித்தீர்கள். பட்டம் வாங்கியபோது கப்பல் இல்லை, கரையில் ஒரு மேஜை கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை நீங்கள். சட்டை இஸ்திரி பண்ணிக்கொண்டு தினமும் போனீர்கள்.

கட்டி திரும்பி வந்தது. கடலூர் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

கடைசி மாதங்களில் உங்களுக்கு ஒரே ஒரு தொந்தரவுதான் என்பதுபோல நடந்துகொண்டீர்கள். எது கேட்டாலும், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. "ஒத்தக் காதுக்குச் சத்தம் கேக்கும், டீச்சர். திசை தெரியாது. ரெண்டு காதுலயும் முன்னப் பின்ன வந்து சேந்தாதான் திசை" என்று படுத்துக்கொண்டே பாடம் நடத்தினீர்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கேட்பீர்கள், "எந்தப் பக்கம்?" என்று.

"போட்டு வருது மாமா. தெக்கால, துறைமுகத்துப் பக்கம்."

"அது?"

"ஐஸ் வண்டி. மேற்கால, ரோட்டுல."

"அழறது யாரு?"

"யாரும் அழல மாமா. ஆட்டுக்குட்டி. பின்னால, அத்தை கட்டிப் போட்டிருக்காங்க."

தலையை ஆட்டிக்கொள்வீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கடைசி வாரத்தில் கேள்வி நின்றுவிட்டது. நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களை எடுத்த அன்றைக்குக் கடற்படை வெள்ளை உடுப்பில் உங்கள் கூடப் படித்தவர்கள் வந்தார்கள். அத்தை மண்ணில் புரண்டு அழுதார். நான் எல்லோருக்கும் டீ போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இளம் அதிகாரி என்னிடம் வந்து, மலையாளம் கலந்த தமிழில், நீங்கள் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். உங்கள் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு ஆரம்பிக்கும் முன் தேர்வாளர்களிடம், "இடது பக்கம் இருப்பவர்கள் சத்தமாகக் கேட்க வேண்டும், எனக்கு அந்தக் காது இல்லை" என்றீர்களாம். அவர்களில் மூத்தவர் எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் உங்கள் வலது பக்கம் போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிறகு கேள்வி எல்லாம் கடுமையாகத்தான் இருந்ததாம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்களாம். "நன்றி" என்றேன் அவரிடம்.

இப்போது சிதம்பரத்தில்தான் இருக்கிறேன். ஏன் அழவில்லை என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை, மாமா. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேப்பர் திருத்துகிறேன்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ரயில் ஊதியது. "கிழக்கால" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். திரும்பினால், வகுப்பு முழுக்கக் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.