கெங்கம்மாள் கிணற்றில் விழுந்த வட்டு

2-12-86

மழை விட்டுவிட்டது. ஏரி மட்டும் எங்கள் பள்ளி மைதானத்தை விட்டுப் போகவில்லை. பாதி மைதானம் தண்ணீருக்கு அடியில், மீதிப் பாதியில் எருமைகள். தலைமையாசிரியர் அப்பாதுரை வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "சக்கரபாணி சார், பி.டி. பீரியடுல பசங்களுக்கு நீச்சல் கத்துக் குடுங்களேன்" என்றார். சிரித்து வைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. பி.டி. மாஸ்டர் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. ஜனவரி 24, விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்கான விளையாட்டுப் போட்டி. நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. வட்டு எறிதல் உண்டு.

அவரும் வருவார்.

3-12-86

அவர் என்றால் விருத்தாசலம். திண்டிவனத்தில் பி.டி. மாஸ்டர். என் மனைவி ருக்குவின் அண்ணன். பெயரை எழுதவே கை கூசுகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் இதே போட்டியில் நான் எறிந்தது முதல் பரிசு எறி. அன்றைக்கு நடுவராக நின்றவர் இவர். "கால் கோட்ல பட்டுச்சு. ஃபவுல்!" என்று சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். சொந்த மச்சான்! என் கால் படவில்லை. படவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவரும் தங்கைக்குப் பொங்கல் வரிசை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

ருக்குவைப் போகாதே என்று நான் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. பொங்கலன்று கோலம் போட்டு முடித்ததும் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். நான் பேப்பர் படிப்பேன்.

இந்தத் தடவை ஜெயிக்க வேண்டும். அவர் கண் முன்னாலேயே.

5-12-86

பள்ளி விட்ட பிறகு பயிற்சி. பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு வட்டு. மரத்தில் செய்து விளிம்புக்கு இரும்புப் பட்டை போட்டது. இரண்டாவது எறியிலேயே ஏரிக்குள் போய் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தான், அடியில் சேறு. காலாலேயே துழாவ வேண்டும். கட்டை விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட, ஆசையாகக் குனிந்து எடுத்தேன். எருமைக் குளம்பு. எருமையும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் வட்டு கிடைத்தது. கூடவே காலில் இரண்டு அட்டை.

6-12-86

மறுபடியும் ஏரி. மறுபடியும் அட்டை.

9-12-86

இனிமேல் ஏரிப் பக்கம் எறிவதில்லை என்று முடிவு செய்து, நின்று எறிகிற வட்டத்தைத் திருப்பிப் போட்டேன். மேற்கே பார்த்து எறிந்தேன். என்ன எறி! கையை விட்டதுமே தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் இப்படி ஒன்று விழுந்ததில்லை. வேலியைத் தாண்டி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி, கெங்கம்மாளின் பம்ப்செட் கிணற்றுக்குள்—

தொபுக்.

கெங்கம்மாள் களைக்கொட்டோடு நிமிர்ந்தாள். "இன்னா வாத்தியாரே, எங் கெணத்துல கல்லத் தூக்கிப் போட்டுக்கினு கீறீங்க?"

"கல்லு இல்லம்மா, வட்டு."

"அப்ப குதிச்சி எடுத்துக்கினு போங்க. படிக்கட்டு கீது. நீங்கதான் பி.டி. வாத்தியாராச்சே."

எனக்குச் சளி என்றேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, ஒன்றும் தெரியாதது போல் இருந்தது தண்ணீர்.

பேருக்குத்தான் சக்கரபாணி. கையில் சக்கரம் இல்லை.

10-12-86

கெங்கம்மாள் மோட்டார் போட்டாள். கரண்ட் இருந்தவரை ஓடியது. மழைக்கால ஊற்று, இறைக்க இறைக்க ஏறுகிறது. "இதுக்கு மேல பாய்ச்சினா எம் மல்லாட்டை அழுவிப்பூடும். உங்க தட்டுக்காவ நான் கொல்லைய வுட முடியுமா?" என்று நிறுத்திவிட்டாள். நியாயம்தான். ஆனாலும் கோபம் வந்தது.

11-12-86

ருக்குவிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ரொம்ப யோசித்தவள் போல, "பாதாளக் கரண்டி போட்டா வந்துடுங்க" என்றாள்.

இது எனக்குத் தோன்றவில்லையே. இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால், விழுந்த வாளி குடமெல்லாம் மாட்டிக்கொண்டு வரும். யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.

"இந்தச் சுத்துப்பட்டுல யாரு வூட்லயும் இல்ல. எங்க அம்மா வூட்லதான் கீது."

அம்மா வீடு என்றால் இப்போது அண்ணன் வீடு. திண்டிவனம்.

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

12-12-86

காலையில் கூடத்தில் ஒரு பித்தளைக் குடம், புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று. என்ன இது? "பாதாளக் கரண்டிய சும்மா வாங்கக் கூடாதுங்க. பதிலுக்கு ஒரு பாத்திரம் வெச்சிட்டு வரணும். கரண்டியத் திருப்பிக் குடுக்கிறப்பதான் அத்த வாங்கிக்கணும். இல்லாட்டி ரெண்டு வூட்டுக்கும் சண்டை வந்துடும்."

சண்டை வந்து ஆறு வருஷம் ஆகிறது. இனிமேல் புதிதாக என்ன வரப்போகிறது?

போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குடம் அதே இடத்தில் இருக்கிறது. நடக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறது.

13-12-86

அப்பாதுரை கேட்டார், "போட்டி வருதே சார், எத வெச்சி பழகுவீங்க? தோசைக்கல்லா?" கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் எடை கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கும்.

இரவு: தோசைக்கல் இரண்டாக உடைந்துவிட்டது. ருக்கு சோற்றைப் போட்டுவிட்டுக் குடத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

14-12-86

ஞாயிறு. போனேன். பஸ்ஸில் மடியில் குடத்தை வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "வரிசை கொண்டுக்கினு போறீங்களா?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது விருத்தாசலத்தின் மனைவி கிளியம்மாள். "வாங்கண்ணே!" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே பார்த்தாள். உள்ளே அவர் ஈஸி சேரில். முடி கொட்டிவிட்டது. தொந்தி விழுந்திருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வந்தவரு எதுக்கு வந்திருக்காருன்னு கேளு" என்றார், மனைவியைப் பார்த்து.

"பாதாளக் கரண்டி வேணும்னு சொல்லும்மா" என்றேன், நானும் அவளைப் பார்த்து.

"இன்னா வுழுந்துடுச்சாம்?"

"வட்டு."

ஈஸி சேர் கிறீச்சிட்டது. "எங்கேர்ந்து எறிஞ்சாராம்?" மைதானம், வேலி, கொல்லை எல்லாம் சொன்னேன். நடுவில் நின்ற கிளியம்மாள் ஒரு தடவை என்னையும் ஒரு தடவை அவரையும் பார்த்துக் களைத்துப் போய், காபி போடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு வழியில்லை.

"அவ்ளோ தூரமா? இந்த வயசுல? போவாது" என்றார் நேராக என்னைப் பார்த்து.

"போச்சு."

"உருண்டு போயிருக்கும்."

"பறந்துதான் போச்சு!"

கையில் இருந்த குடத்தை அப்போதுதான் கவனித்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் வெட்டியிருந்த பெயர் அவருடையதுதான், ருக்குவின் கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த குடம். ருக்கு வேறு குடமே இல்லாமலா இதைத் துலக்கி வைத்தாள்? அவர் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கரண்டியோடு வந்தார். வாசல் வரை வந்து, "வர ஞாயித்துக்கெழம டேப்போட வர்றேன். அளந்து பாக்கணும்" என்றார்.

ருக்குவிடம் சொன்னேன். "அளக்கவா வர்றாரு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வெகு நேரம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

15-12-86

கரண்டி இறக்கினேன். முதலில் ஒரு வாளி. அப்புறம் ஒரு தூக்குச் சட்டி. அப்புறம் ஒரு சைக்கிள் செயின். அது எப்படி அங்கே போனது என்று கெங்கம்மாளுக்கே தெரியவில்லை. வட்டு கொக்கியில் உரசுவது கையில் தெரிகிறது, தூக்கினால் நழுவிவிடுகிறது. சோறு கொண்டுவந்த ருக்குவும் கெங்கம்மாளும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்போ இந்தப் பெண்பிள்ளைகளுக்கு.

21-12-86

வந்தார். தோளில் டேப், பையில் அவர் பள்ளி வட்டு. வாசலில் ருக்கு. "வாண்ணா" என்றாள். "ம். எளைச்சிட்ட" என்றார். இவ்வளவுதான், ஆறு வருஷத்துக்கு. அவள் கேப்பை அடை சுட்டு வைத்திருந்தாள், முருங்கைக்கீரை போட்டு. நின்றபடியே நாலு தின்றார்.

பிறகு மைதானம். டேப்பின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம். மல்லாட்டைச் செடியை மிதிக்காமல் அளந்தோம். கிணற்று விளிம்பு வரை முப்பத்து நான்கு மீட்டர். டேப்பை இரண்டு தடவை பார்த்தார். "தரையில வுழுந்து உருண்டிருக்கும் மாப்ளே."

"உருளல" என்றாள் கெங்கம்மாள் கொல்லையிலிருந்து. "எந் தலைக்கு மேலதான் போச்சி. காக்கான்னு நெனச்சேன்."

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க ஆறு வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை. பையிலிருந்து தன் வட்டை எடுத்தார். சட்டையைக் கழற்றினார். வட்டத்துக்குள் போய் நின்று தொந்தியோடு சுற்றினார். விட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான எறி.

தொபுக்.

கிணற்றில் அலை அடங்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா மச்சான்?" என்று கேட்டேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "தெரியாது" என்றார் மெதுவாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டோம்.

14-1-87

பொங்கல். விருத்தாசலமும் கிளியம்மாளும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கட்டாகக் கரும்பு, ருக்குவுக்குச் சேலை. வாங்கிக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனவள் உடனே வரவில்லை. பொங்கல் பொங்கி வழிகிறது என்று நான்தான் கூப்பிட்டேன். கண் சிவந்திருந்தது. புகை என்றாள். அடுப்பு வாசலில் அல்லவா எரிந்துகொண்டிருந்தது.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு உட்காராமல் ஒரு தடவையாவது நானே இவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மடையன்.

24-1-87

விழுப்புரம். பழக வட்டு இல்லாமல் இரண்டு பேரும் போனோம். எனக்கு மூன்றாவது இடம், அவருக்கு நான்காவது. முதல் பரிசு கெடாரிலிருந்து வந்த தமிழாசிரியருக்கு. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எறிந்த மனிதர்.

ஒன்று எழுத வேண்டும். மச்சானின் கடைசி எறியில் அவர் கால் கோட்டில் பட்டது. நடுவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். போண்டா வாங்கித் தந்தார்.

10-5-87

கெங்கம்மாள் ஆள் அனுப்பினாள், கிணறு வற்றிவிட்டது என்று. லீவுக்கு வந்திருந்த மச்சானும் நானும் படி இறங்கினோம். சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டு. மரம் ஊறி வெடித்து, பட்டை துருவேறி, எது எந்தப் பள்ளியுடையது என்றே தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.

சேறு கழுவ வாளி எடுக்க மோட்டார் கொட்டகைக்குள் போனேன். சுவரில் ஆணியில் தொங்குகிறது பாதாளக் கரண்டி. திண்டிவனத்திலிருந்து நான் வாங்கி வந்ததைவிடப் பெரியது.

"இது எப்பலேர்ந்து இங்க கீது?" என்று கேட்டேன்.

"அது எம் மாமியா காலத்துது. போன ஆடியில நீங்க கேம்ப் போயிருந்தப்ப உங்க வூட்டு வாளி வுழுந்துடுச்சின்னு உங்க சம்சாரம் வாங்கிக்கினு போச்சே."

"அப்ப அன்னிக்கி வட்டு வுழுந்தப்ப ஏன் குடுக்கல?"

கெங்கம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கரண்டி வாளியத் தூக்கும், கொடத்தத் தூக்கும். மொழுக்குனு கீற தட்ட எங்கியா தூக்குமா வாத்தியாரே? ஊருக்கே தெரியும். ருக்குதான், 'நீ கம்முனு இரு அத்தே'ன்னு சொல்லிட்டுப் போச்சி."

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மச்சானிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ருக்கு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள், "வட்டு கெடைச்சிடுச்சே. கரண்டியத் திருப்பிக் குடுத்துட்டு கொடத்த வாங்கியாந்துடலாமா?"

"இன்னா அவசரம்?" என்றேன். "திரும்ப எப்ப வுழும்னு யாரு கண்டா?"

கீரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் போல வட்டின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் மைதானத்தில் வட்டம் போட வேண்டும். ஏரிப் பக்கம் காய்ந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் கிணற்றைப் பார்த்தே போடலாம் என்று இருக்கிறேன்.