வெளிச்சிக்கு நூறு பேர்

திருப்பூர்
5.10.2025, ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

நலமா என்று கேட்டால், "உனக்கென்னடி திடீர் அக்கறை" என்பாய். கேட்டுத்தான் தீருவேன். நீ நலமா? ராமுத்தாய் அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனில் என்னைத் தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. உன் மடத்துக்குளம் விலாசத்தைப் பரணியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன்.

சங்கதி இதுதான். நம் சாயநாட்டு ஆட்டம் முடியப் போகிறது. ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் பல்லடத்தில் தீனதயாளன் வீட்டு மாடியில் பகடை உருட்டி, ஆளுக்கொரு சாமியை உண்டாக்கி, இல்லாத நாட்டில் இல்லாத ஆறுகளைத் தாண்டிக்கொண்டிருந்தோமே, அதற்குப் பொங்கலுக்கு முந்தைய ஞாயிறோடு மங்களம். தீனாவுக்குத் தை மாதம் கல்யாணம். பெண் வீட்டில் "மாப்பிள்ளை லீவு நாள்ல என்னமோ சாமி செய்யறாராமா" என்று விசாரித்தார்களாம்!

கடைசி ஆட்டத்துக்குத் தீனா ஒரு விதி போட்டிருக்கிறான். நிறமாறி ஆற்றின் கரையில் ஒவ்வொரு சாமியும் தன் கூட்டத்தோடு வந்து நிற்க வேண்டும். கும்பிட நூறு பேர்கூட இல்லாத சாமி ஆற்றில் கரைந்துவிடும். வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். என் பிசிறாண்டிக்குக் கவலையில்லை. உடுப்பில் தொங்கும் நூலைப் பிடுங்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்த ஒரு கூட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பரணியின் ஆவிநாயகனுக்கு ஸ்டீம் அயர்னுக்கு முன்னால் மட்டுமே அழுகிற நானூறு பேர்.

வெளிச்சிக்குத்தான் யாருமில்லை ஜோதி. பத்தொன்பது வயதில் நீ உண்டாக்கியவள். முகம் கிடையாது, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல்தான் கோயில், அவள் முன்னால் எந்த நிறமும் பொய் சொல்ல முடியாது. "நானே ஆள் எழுதிடட்டுங்களா" என்று கேட்டுப் பார்த்தேன். "பெத்தவ கையெழுத்துல வரோணும். போன், மெயிலெல்லாம் ஆகாது" என்று தீனா சொல்லிவிட்டான்.

அந்த மாடியில் உன் நாற்காலியில் இப்போது துணி மூட்டை இருக்கிறது. கிழக்கு ஜன்னலை மறைத்து ஒரு பீரோவைப் போட்டுவிட்டார்கள். இருபது முகமுள்ள பச்சைப் பகடையை வேறு நீ எடுத்துப் போய்விட்டாய். இரவல் பகடையில் எனக்கு ஆறுக்கு மேல் விழுவதே இல்லை.

நூறே நூறு பேர் எழுதி அனுப்பு கண்ணு.

பிரியமுள்ள
மது

*

மடத்துக்குளம்
14.10.2025

மதுமதிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது.

நைட்டி தைக்கிற ஒரு சின்ன யூனிட்டில் பிசிறு வெட்டுகிறேன். உன் பிசிறாண்டிக்கு ஆகாத வேலை. செக்கிங்கில் போடாதீர்கள் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். யூனிட்டுக்குப் பின்னால் அமராவதி வாய்க்கால் ஓடுகிறது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு மேட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதே மறந்துவிடும். சாயநாட்டு ஆறு வாரத்துக்கொரு நிறமாக ஓடும் என்று எழுதினோமே. இங்கே தண்ணீர் தண்ணீர் நிறத்திலேயே இருக்கிறது. வந்த புதிதில் அதைப் பார்த்துக்கொண்டே மணியடித்தது கேட்காமல் உட்கார்ந்திருப்பேன்.

கூட்டம் கேட்டாய். எழுதுகிறேன்.

வெளிச்சியைக் கும்பிடுகிறவர்களுக்கு ஜன்னலடியார் என்று பெயர். பூவும் கிடையாது, விளக்கும் கிடையாது. தப்புச் செய்த அடியார், அந்தத் தப்பை யார் சுமந்தார்களோ அவர்களைப் பகல் வெளிச்சத்தில் ஒரு ஜன்னலோரம் கூட்டிப்போய், முகத்தைப் பார்த்து "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதுதான் பூசை. சொல்கிற வரைக்கும் ஒரு வேண்டுதலைத் துணியில் எழுதி, சட்டையின் உள்தையலில் உடம்பில் படும்படி தைத்துக்கொள்ள வேண்டும். அது அரித்துக்கொண்டே இருக்கும். "வெளிச்சி, என் தப்பை நானே சொல்ல வாய் கொடு." இவ்வளவுதான் வேண்டுதல்.

எத்தனை பேர் என்று கேட்பாய். ஒருத்தர்கூட இல்லை. அப்படிச் செய்கிற மனுசரை நான் கண்டதில்லை.

நம் கம்பெனியில் நேவி புளூ டி-ஷர்ட்டில் காலர் ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு என்று சரக்கு திரும்பி வந்ததே, காலர்த் துணியும் உடம்புத் துணியும் ஒட்டி, நிறம் சரி என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஷேடு கார்டை நம்பித்தான் நான் பாஸ் பண்ணினேன். அந்தக் கார்டைக் காணோம் என்றார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். என்னோடு சேர்ந்து நீயும் தேடினாய்.

நாகஜோதி

*

திருப்பூர்
26.10.2025, ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. தீபாவளி லீவுக்குப் போன ஆட்கள் பாதி இன்னும் திரும்பவில்லை.

நேற்று ஒரு கனவு. நிறமாறி ஆறு ஊதா நிறத்தில் ஓடுகிறது. அக்கரையில் உன் ஜன்னலடியார்கள், ஆளுக்கொரு ஜன்னலைச் சட்டத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் விடிந்துகொண்டிருக்கிறது. நான் இக்கரையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். "பையில என்னங்க" என்று ஒருவர் கேட்கிறார். விழித்துவிட்டேன்.

உன் வேண்டுதலை எனக்கென்று ஒரு லேபிளில் போட்டுத் தைத்துக்கொள்ள ஆசை. எட்டு மொழியில் துவைக்கும் முறை அச்சாகுமே, அந்த ஃபைலில் அரபு வரியை எடுத்துவிட்டு உன் வரியை வைத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் அத்தனை அழகு. லேபிள் பிரிண்டிங் லிங்கசாமியண்ணனிடம் ஒன்றே ஒன்று அடித்துத் தரக் கேட்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

மது

*

மடத்துக்குளம்
3.11.2025
(அஞ்சலட்டை)

மது,

லேபிள் தைத்துக்கொண்டால் மட்டும் அடியார் ஆகிவிட முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்வதானால் எழுது. கனவெல்லாம் எனக்கு வேண்டாம். வெளிச்சி கரைந்தால் கரையட்டும்.

ஜோதி

*

திருப்பூர்
30.11.2025, ஞாயிறு

ஜோதி,

சொல்கிறேன். நடுவில் நிறுத்திவிடாமல் படி.

அந்த லேபிள் ஃபைலை நான் வேறு பெயரில் சேமிக்காமல் விட்டுவிட்டேன். லிங்கசாமியண்ணன் எனக்கு ஒன்று அடித்துக் கொடுத்தார், உள்தையலில் தைத்துக்கொண்டேன். மறுவாரம் ஆர்டருக்கும் அதே ஃபைலில் ரோல் ரோலாக அடித்துவிட்டார். எட்டு மொழியில் பொடி எழுத்து, யார் படிக்கிறார்கள்? மூவாயிரத்து இருநூறு சாம்பல் நிற டி-ஷர்ட்டில் பக்கத்தையலில் வைத்துத் தைத்து, பெட்டி கட்டும்போதுதான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் கண்ணில் பட்டது. சலவைக் குறிப்புக்கு நடுவில், "வெளிச்சி, என் தப்பை நானே சொல்ல வாய் கொடு."

கம்பெனியே கூடிவிட்டது. லிங்கசாமியண்ணனை நிற்க வைத்துக் கேட்டார்கள். "தமிழ் வந்துதுங்க. சரக்கு எடுக்கற பையர் எந்த நாடோ, அங்கயும் நம்மாளுக இருப்பாங்களாட்ட இருக்குதுன்னு அடிச்சுட்டனுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீ அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. எனக்கு இடுப்பில் அரித்தது ஜோதி. சத்தியமாக அரித்தது.

மேனேஜர் பொன்னுச்சாமி அறைக்குப் போனேன். "லேபிள் தப்பு என்னுதுங்க. அண்ணன் மேல ஒண்ணுமில்லீங்க" என்றேன். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, "ரெண்டு வருசத்துக்கு முந்தி நேவி புளூ ஷேடு போச்சுங்களே, அதுவும் நான்தானுங்க" என்றேன். கைப்பையைத் திறந்து அந்தக் கார்டை அவர் மேஜை மேல் வைத்தேன்.

ஆமாம் ஜோதி. அது என்னிடம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவசரத்தில் டியூப் லைட் வெளிச்சத்திலேயே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலோரம் கொண்டுபோகவில்லை, நிறம் பார்க்கிற லைட் பாக்ஸிலும் வைக்கவில்லை. சரக்கு திரும்பியதும் கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உன்னோடு சேர்ந்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. நான் பாவி.

பொன்னுச்சாமி கார்டைப் புரட்டிப் பார்த்தார். "இத எதுக்கும்மா இப்பச் சொல்றீங்க? அந்தப் புள்ள போயி ரெண்டு வருசமாச்சே" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. லிங்கசாமியண்ணனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். என்னை இந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். லேபிளைப் பிரித்து மாற்ற நாள் போதாமல் பையர் அந்த லாட்டையே வேண்டாம் என்றுவிட்டார். உள்ளூர் வியாபாரிகளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கார்டை அவரிடம் திருப்பி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். வாய்க்கால் வெளிச்சத்தில் பார். அந்த இரண்டு நீலமும் எவ்வளவு வேறு என்று உனக்கே தெரியும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

மது

*

திருப்பூர்
28.12.2025, ஞாயிறு

ஜோதி,

நான்கு வாரம் ஆகிறது. பதில் இல்லை. அது உன் இஷ்டம். கோபித்துக்கொள்ள எனக்கு முகமில்லை.

இன்று ஆட்டத்தில் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். தீனா வரைபடத்தில் வெளிச்சியின் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டான். அழிப்பான் பக்கத்திலேயே இருந்தது. "பதினொண்ணாந்தேதி வரைக்கும் பொறுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் இப்போது வீட்டில்தான். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். தூக்கம் நன்றாக வருகிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மது

*

மடத்துக்குளம்
7.1.2026

அன்புள்ள மது,

கார்டை வாய்க்கால் மேட்டில் வைத்துப் பார்த்தேன். காலர் நீலத்தில் செவப்பு ஓடுகிறது. கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார். இதையா டியூப் லைட்டில் பார்த்தாய், சண்டாளி! அன்றைக்கு முழுக்க உன்னைத் திட்டினேன். மறுநாளும் திட்டினேன். அம்மா, "யாரடி இந்த வாங்கு வாங்குற, மதுவையா? அப்ப அவ கடுதாசி வந்துருச்சாக்கும்" என்றாள். அந்தக் கோபத்தில்தான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும்.

இங்கே நடந்ததைக் கேள். மார்கழி பிறந்ததும் சந்தைக்கு ஒரு வியாபாரி வந்தார். "கம்பெனி பனியன், கம்பெனி பனியன்" என்று கத்தினார். தார்ப்பாயில் சாம்பல் நிறத்தில் மலை போலக் குவியல். கை தானாக உள்தையலைப் புரட்டிப் பார்த்தது. பழைய செக்கிங் கை. வெளிச்சி இருந்தாள். நான் எழுதிய வரி, பொடி எழுத்தில், ஜெர்மன் பாஷைக்குக் கீழே. சந்தைச் சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தக்காளிக்காரர் நகரச் சொல்லி என் தோளைத் தட்டும் வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறேன்.

அப்புறம் ஊரெல்லாம் சாம்பல் நிறம். தேங்காய் லோடு ஏற்றுகிறவர்கள், கோழிப்பண்ணைக்குப் போகிற பெண்கள், பஸ் ஸ்டாண்டில் இந்தி பேசுகிற ஆட்கள்கூட. டீக்கடையில் லாரி டிரைவர் நாச்சிமுத்து அண்ணன் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். "லேபிள்தானே அரிக்குது, கத்தரிச்சுப் போட வேண்டியதுதானே" என்றேன். "சாமி பேரு போட்டிருக்குதுங்க அம்மிணி. கத்தரி வெச்சா பாவமுங்க. அரிச்சா அரிச்சுட்டுப் போகுது" என்றார். அடுத்த டீக்குச் சொல்லிவிட்டு, "இத நித்தம் படிச்சுப் படிச்சு, போன வாரம் கிளீனர் பையனையும் கூட்டிட்டு முதலாளிகிட்ட போயி, வண்டிக் கண்ணாடிய ஒடச்சது இவனில்லீங்க நாந்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

மது, அந்த டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

தீனாவிடம் இதைக் கொடு. பெற்றவள் கையெழுத்து:

ஜன்னலடியார் கூட்டம், மூவாயிரத்து இருநூறு பேர். முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் அடியார் என்பது தெரியாது. சாமி பெயரை வெட்டக்கூடாது என்று மட்டும் தெரியும், அது போதும். வாய் திறந்து சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாச்சிமுத்து. இன்னொருத்தி மதுமதி, அவள் பூசை இன்னும் பாக்கி இருக்கிறது.

பாக்கிதான். வழக்கத்தை மறுபடி படித்துப் பார். கடிதத்தில் சொன்னது சேராது, மேனேஜரிடம் சொன்னதும் சேராது. சுமந்தவள் முகத்தைப் பார்த்து, பகலில், ஜன்னலோரம் சொல்ல வேண்டும். கோபம் பாதிதான் போயிருக்கிறது. மீதியை நேரில் வந்து திட்டித் தீர்க்கிறேன்.

ஞாயிறு ஆறு மணி பஸ்ஸில் ஏறி, உடுமலை மாறிப் பல்லடம் வருகிறேன். ஒன்பதுக்குள் வந்துவிடுவேன், வெயில் கிழக்கில்தான் இருக்கும். அதற்குள் அந்தப் பீரோவை நகர்த்தச் சொல். நாற்காலி மேல் இருக்கும் மூட்டையையும் இறக்கி வை.

நீ சொல்லி முடித்ததும் ஆட உட்காரலாம். பச்சைப் பகடை என் பையில் இருக்கிறது.

உன்
ஜோதி