இரவலில் நிற்கும் அறிக்கை

03.11.1997, திங்கள்
விடியற்காலை முதல் தூறல். வாவி நீர் நேற்றையதைவிட இரண்டு விரற்கடை உயர்வு. படுவான்கரையில் எங்கள் வட்டையின் தாழ்ந்த வயல்களில் இளம்பயிர் மூழ்கத் தொடங்கிவிட்டது. 13ஆம் திகதி, வியாழன், மு.ப. 9.30க்கு அரசாங்க அதிபரின் கச்சேரியில் கூட்டம். முகத்துவார மணல்மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவதா, பொறுப்பதா என்பதே பொருள். புதிய பொறியியலாளர் பொறுக்கச் சொல்கிறாராம். பொறுத்தால் பயிர் அழுகும்.

நீர் எந்த மட்டம் வந்ததும் முன்னர் வெட்டினார்கள் என்பது நீர்ப்பாசன அலுவலகத்தின் பழைய அறிக்கையில் திகதிவாரியாக உண்டு. முப்பத்தொரு வருடம் அங்கே எழுதுவினைஞன் நான். அதில் பாதிப் பக்கங்கள் என் கையால் பிரதி செய்யப்பட்டவை. அலுவலகப் பிரதி எண்பதுகளிலேயே எரிந்துபோயிற்று. இனிப் பல்கலைக்கழக நூலகந்தான்.

வட்டை விதானையார் வயற்காரர்களுக்காக நேரில் வந்தார். "பேப்பர் இல்லாமப் போனா நம்மளக் கதைக்க விடமாட்டானுகள். நீங்கதான் ஐயா கொண்டு வரணும்." நனைந்த காலுடன் உள்ளே வந்து நின்றார். தரை முழுதும் சேறு. இரண்டு தரம் துடைத்தேன்.

04.11.1997, செவ்வாய்
பஸ் மு.ப. 6.40. உண்மையில் 7.25. சோதனைச் சாவடிகளில் ஐந்து முறை இறங்கி ஏறினோம். ஒரு சிப்பாய் என் குடையை விரித்துப் பார்த்தான். முன் ஆசனத்துக் கிழவர் (என்னைவிட இளையவர்) வழியெல்லாம் யன்னலால் வெற்றிலை துப்பினார். என் சட்டையில் மூன்று புள்ளிகள். ஒரு சொல் மன்னிப்பு இல்லை.

நூலகம் 11.05. வாசலில் வௌவால் எச்ச நாற்றம். உதவியாளர் செல்வி என்ற பெண். மரியாதையான பெண்தான், ஆனால் கடலை தின்ற கையாலேயே அட்டைகளைத் தொடுகிறாள்.

கொழும்பிலிருந்து நூலகங்களுக்கிடையிலான இரவலாக எடுத்துத் தரலாமாம். ஆனால் முதலில் இங்கே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். படிவம் மூன்று பிரதிகள். தேட வேண்டிய இடங்கள்: ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை, சேர்வுப் பதிவேடு, அடுக்கு, இரவல் பதிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கையொப்பம்.

இன்று முடிந்தவை இரண்டு. ஆசிரியர் அட்டை: இல்லை. தலைப்பு அட்டை: இல்லை, அந்த இழுப்பறையில் கரப்பான் முட்டைகள்தாம் ஒழுங்குவரிசையில் இருந்தன. திரும்பி வந்து சோப்பு போட்டுக் கை கழுவினேன். மணம் போகவில்லை.

06.11.1997, வியாழன்
கடும் மழை. நீர் மேலும் மூன்று விரற்கடை.

பொருள் அட்டையில் அகப்பட்டது. "நீர்ப்பாசனம்" என்ற பிரிவில் அல்ல, "மீன்பிடி"யில். எந்தப் படித்த முட்டாள் வைத்தானோ. வாவி என்றால் மீன் என்று முடிவு செய்திருக்கிறான். சேர்வுப் பதிவேட்டிலும் உண்டு. ஆகவே நூல் இங்கே இருந்திருக்கிறது.

அடுக்குக்குப் போனேன். அகதிகள் தங்கியிருந்த காலத்தில் அந்தப் பக்கத்தில் அடுப்பு எரித்தார்களாம். சுவரெல்லாம் கரி. உரிய இடத்தில் நூல் இல்லை. இரு நூல்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி, அதில் பல்லி முட்டை இரண்டு.

செல்வி சொன்னாள்: "அட்டை இரிக்கிறபடியா கொழும்பில கேக்க ஏலா சேர். நம்மட்ட இரிக்கிற புத்தகத்த நாம எப்படி இரவல் கேக்கிற?"

"இருந்தால் எடுத்துத் தாருங்கள்" என்றேன்.

"இல்லியே சேர்."

அருவருப்பான பதில். அதைவிட அருவருப்பு, விதிப்படி அவள் சொன்னது சரி. மிஞ்சியிருப்பது இரவல் பதிவு. பழைய அட்டைகள் ஒரு பிஸ்கற் தகரத்தில் எங்கோ உள்ளனவாம். செவ்வாய்க்கிழமைக்குள் தேடி வைப்பாளாம்.

09.11.1997, ஞாயிறு
மழை விட்டு விட்டு. கோகுலன் வராமல் இன்றோடு எட்டு வருடம். 09.11.1989, வியாழன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பஸ்ஸை மறித்து நான்கு பெடியன்களை இறக்கினார்கள். யார் இறக்கியது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

பாக்கியம் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து எங்கள் மகனுக்கும் இலை போட்டாள். வருடாவருடம் போடுகிறாள். படையல் அல்ல, அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்று கிராம சேவகர் இருமுறை வந்தார். இரண்டாம் முறை படலை திறக்கப்படவில்லை.

சாப்பிடும்போது சொன்னாள்: "அண்டைக்குக் காலம்பற நீங்க ஏசினதோடதான் போனான்."

உண்மை. மறுக்க இடமில்லை. அந்த வருடமும் முகத்துவாரப் பிரச்சினை; அந்த வருடமும் இதே அறிக்கைதான் எனக்குத் தேவைப்பட்டது. எடுத்து வரும்படி மூன்று வாரம் சொன்னேன். மூன்று வாரமும் மறந்து வந்தான். விவசாயம் படிக்கிறவனுக்கு ஒரு புத்தகம் நினைவில் நிற்காதா, உனக்குச் சோறு ஒரு கேடா என்றேன். சோறு என்ற சொல்லைச் சொன்னேன். சாப்பிடாமல் போனான்.

பால்கறியில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

11.11.1997, செவ்வாய்
பஸ் தாமதம் 50 நிமிடம். நூலகம் 11.40.

செல்வி தகரத்தை மேசையில் வைத்திருந்தாள். மூடி துருப்பிடித்து, உள்ளே எலிப் புழுக்கை. அட்டைகளைக் கைலேஞ்சித் துணியால் பிடித்துப் பார்த்தேன். நூற்றுக்கு மேல். ஒழுங்கு எதுவுமில்லை. என் காலத்தில் இப்படி வைத்திருந்தால் வேலை போயிருக்கும்.

12.25க்கு அவளே எடுத்தாள். "இஞ்ச இரிக்கி சேர். வெளிய போயிரிக்கி, திரும்பி வரல்ல." படித்துவிட்டு என் படிவத்தைப் பார்த்தாள். மீண்டும் அட்டையைப் பார்த்தாள். படிவத்தில் க. தம்பிராசா. அட்டையில் த. கோகுலன், விவசாயம், இரண்டாம் வருடம்.

"இவரு ஒங்களுக்குச் சொந்தமா சேர்?"

மகன் என்றேன்.

பெற்ற திகதி 09.11.89. திருப்ப வேண்டிய திகதி 23.11.89. கையொப்பம் அவனுடையதே. 'கோ'வின் கொம்பை எப்போதும் தனியே தள்ளி எழுதுவான். அதற்காகவும் ஏசியிருக்கிறேன்.

நூல் தொலைந்தது என்று பதிவை மூடினால் கொழும்பில் கேட்கலாமாம். மூடுவதற்கு இரவல் பெற்றவரின் கடிதம் வேண்டும். செல்வி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவரு இல்லாட்டி... மரண சேட்டிபிக்கட் தந்தாச் சரி சேர். நான் பெரியவரிட்டக் கதைச்சு இண்டைக்கே போன் பண்ணுவன்."

நல்ல பெண். கடலைத் தோல் இன்னும் மேசையில் கிடந்தது. துடைத்தேன்.

எதிலும் கையொப்பமிடாமல் வந்தேன். வழியில் சோதனைச் சாவடிகள் எத்தனை என்று எண்ணவில்லை.

12.11.1997, புதன்
மழை. விதானையார் காலையிலேயே வந்தார், மீண்டும் அதே கால்கள். "பேப்பர் கிடைச்சதா ஐயா?" நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். போனார். இன்று துடைக்கவில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் மறக்கவில்லை, எடுத்திருக்கிறான், அட்டையைப் பார்த்தேன் என்றேன். சுளகு நிற்கவில்லை.

"அப்ப அது அவன்ட கையிலதான் இரிக்கி" என்றாள்.

மு.ப. 10 முதல் பி.ப. 2.20 வரை எழுதினேன். நானே பிரதி செய்த பக்கங்கள். பதினேழு வருடங்களுக்கு வெட்டிய திகதியும் நீர்மட்டமும் நினைவில் உள்ளன. இரண்டில் ஐயம், கேள்விக்குறி இட்டுள்ளேன். பொறியியலாளர் ஏற்பாரோ தெரியாது. கீழே என் பெயர், பதவி, கையொப்பம், திகதி.

மூலப்பிரதி எங்குள்ளது என்று எழுதாமல் எந்த ஆவணமும் என் மேசையிலிருந்து போனதில்லை. எழுதினேன்: மூலப்பிரதி, இரவலில், த. கோகுலனிடம்.