இலையில் வைக்க ஒரு கெண்டை

என் அன்பான மாப்பிள்ளைக்கு, நீங்கள் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும் என்று வேலம்பாளையத்திலிருந்து உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் நின்று தூண்டில் வீசிப் பழகினேன். முதல் வீச்சிலேயே மாட்டிவிட்டது. பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டி. பதறிப்போய் இழுத்தேன். பின்னல் துணி ஆயிற்றே, ஓர் இழை பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து அடி வரைக்கும் ஏணி மாதிரிப் பிரிந்துகொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அம்மா மேலே வந்து பார்த்தார். "ஏனுங்ணா, இதென்னங்க வேலை?" என்றார். மீன் பிடிக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து துணியைக் கீழேதான் காயப் போடுகிறார்.

ஆமாம் மாப்பிள்ளை, நானேதான். உங்கள் தூண்டிலுக்குப் பல்லுக்குச்சி என்று பேர் வைத்த அதே மச்சான். சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே படியுங்கள்.

அந்தப் பல்லுக்குச்சியை நான் மறக்கவில்லை. உங்கள் பேக்கிங் செக்‌ஷனுக்குப் பெட்டி சோதிக்க வந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனது. மடக்கினால் ஒரு முழம், நீட்டினால் ஆள் உயரத்துக்கு மேல். எடை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அதில் ஒரு பொட்டுச் சக்கரம், கண்ணுக்குத் தெரியாத நூல், கொசுவுக்குப் போடுகிற மாதிரி ஒரு முள். ஏழு வருசம் ஞாயிறு தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு உடுமலையில் பஸ் மாறி உங்கள் ஊர் கொமரலிங்கத்துக்குப் போவீர்கள். சாயங்காலம் வெறுங்கையோடு வருவீர்கள். "ஒண்ணும் மாட்டலீங் மச்சான்" என்பீர்கள். நான் என் தங்கச்சியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை வந்துட்டாரு, அருவாமனையை எடுத்து உள்ள வெய்யி சரசு" என்பேன்.

கடைசியாகக் கூப்பிட்டதும் நினைவிருக்கிறது. "ஏனுங் மச்சான், ஒரு நாளைக்குக் கூட வந்துதான் பாருங்களே" என்றீர்கள். "மீனு உங்களைப் புடிச்சா சொல்லியுடுங்க, வந்து அவுத்துட்டுப் போறேன்" என்றேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாமோ? பேசாமல் இருந்திருந்தால் என் உடம்புக்கு என்னமோ என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். எது சரி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். உங்களை மண்ணில் இறக்கும்போது, அவருக்குப் பிடித்ததை அவரோடேயே வையுங்கள் என்று அழுது, அந்தத் தூண்டிலைக் குழியில் வைத்தது நான்தான். எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். பத்து மாதம் கழித்துக் கோயமுத்தூரில் ஒரு கடையில் அதே மாதிரித் தூண்டிலுக்கு விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும், உங்களை வந்து தோண்டலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிமிசம்தான்.

எதற்கு விலை கேட்டேன் என்கிறீர்களா? எல்லாம் என் தங்கச்சியால், அதாவது உங்கள் வீட்டம்மாவால் வந்தது. உங்களுக்கு நாளை வருசப் படையல். இரண்டு மாதத்துக்கு முன்பே சரசு என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "ஏழு வருசமாப் போனாருங்ணா. ஒரு மீனு ஊட்டுக்கு வல்லை. எலையிலயாச்சும் ஒண்ணு வெக்கோணும்."

"செரி, மார்க்கெட்டுல நல்ல மீனா வாங்கிட்டு வர்றேன்."

"கடை மீனு வேண்டாங்ணா. தூண்டில்ல மாட்டுனதா இருக்கோணும். அந்தக் கேலி பேசுனீங்களே, நீங்களே புடிச்சுட்டு வாங்க. இல்லீனா மீனே வேண்டாம்."

ஒரு வருசமாக அவள் மீன் சட்டியை அடுப்பில் வைக்கவே இல்லை மாப்பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் ஜோக் அடிக்க முடியவில்லை. எனக்கே அது புதுசு.

கடைத் தூண்டில் நமக்குக் கட்டாது என்று ஆகிவிட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவன், ஆனால் இருபத்திரண்டு வருசமாகப் பின்னல் மெஷின் ஓட்டுகிறவன். யோசித்தேன். மெஷின் ஊசியின் முனையிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. அதற்கு ஒரு குட்டித் தாழ்ப்பாளும் உண்டு. மீன் கடித்தால் தாழ்ப்பாள் மூடிக்கொள்ளும், தப்பிக்க முடியாது. தேய்ந்த ஊசி கம்பெனியில் குப்பையாகக் கிடக்கிறது. நூலுக்கும் பஞ்சமா? கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு என்றால் பனியன் துணியில் சேர்த்துப் பின்னுகிற லைக்ரா. நான்கு இழை சேர்த்து முறுக்கினேன். வெள்ளைக்காரருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று இரண்டு நாள் தலைகால் புரியாமல் இருந்தேன்.

நொய்யலில் தூண்டில் போட்டால் அன்றைக்குச் சாயப்பட்டறைகளில் ஓடின கலர்தான் மாட்டும். அதனால் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனேன். மண்புழுவைக் கோத்து, ஓர் ஈயக்குண்டும் கட்டிப் போட்டேன். கடித்தது மாப்பிள்ளை, நிஜமாகவே ஏதோ கடித்தது. இழுத்தேன். நூல் வந்தது, மீன் வரவில்லை. நான் பின்னால் போகப் போக நூலும் ரப்பர் மாதிரிக் கூடவே நீண்டுகொண்டு வருகிறது. பத்தடி பின்னால் போய்விட்டேன், மீன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு அது வாயைத் திறந்துவிட்டது போல. ஈயக்குண்டு பறந்து வந்து நெற்றியில் விழுந்தது.

மறுநாள் கம்பெனியில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, செக்கிங்கில் இருக்கும் ஜெபமணி என்ன என்று கேட்டார். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர், எங்கள் கம்பெனிக்கு வந்து மூன்று வருசம் ஆகிறது. ஊசியையும் நூலையும் எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, மீனைப் பிடிக்கப் போறீயளா, இல்ல மீனுக்குப் பனியன் போடப் போறீயளா?"

கேலி பேசுகிறவனைக் கேலி பேச ஆள் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் ஏழு வருசம் எப்படிச் சிரித்துக்கொண்டே நின்றீர்கள்?

ஆனால் அவர்தான் வழியும் சொன்னார். "சின்ன மீனுக்குச் சின்ன முள்ளு, மெல்லிசு நைலான் நரம்பு, பயறு கணக்கா ஒரு ஈயக்குண்டு. இந்த மூணை மட்டும் கடையில வாங்குங்க, மிச்சத்தை நீங்களே செஞ்சுக்கிடலாம். கம்போட நுனி வளையணும் அண்ணாச்சி. வளையுற கம்புதான் நரம்பை அறுக்க விடாது. வெடுக்குன்னு இழுத்துராதீய." வாங்கினேன். மூன்றும் சேர்ந்து ஒரு வாரத்து டீச்செலவுகூட வரவில்லை. கம்புக்கு மெல்லிசு மூங்கில், அதன் நுனியில் கிழிந்த குடையின் கம்பி ஒன்றைக் கட்டினேன். சக்கரத்துக்கு என்ன செய்வது?

அங்கேதான் என் மெஷின் கைகொடுத்தது. கூம்பு மாதிரி இருக்கிற நூல் கோனிலிருந்து நூல் எப்படி உருவி வருகிறது? கோன் சுற்றுவதே இல்லை. கூர்ப்பக்கமாக நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. காலிக் கோனில் நரம்பைச் சுற்றி, கூர்ப்பக்கம் முன்னால் பார்க்க, கம்பின் அடியில் கட்டி வீசினேன். சர்ரென்று போனது பாருங்கள். உங்கள் பொட்டுச் சக்கரமும் இதே வேலையைத்தான் செய்ததா? கேட்க ஆள் இல்லை. குழியில் வைக்கும்முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டு ஞாயிறு குளத்திலேயே வெறுங்கை. இன்றைக்கு விட்டால் நாள் இல்லை. படையல் மீன் உங்கள் ஆற்று மீனாக இருக்கட்டும் என்று காலையில் கொமரலிங்கத்துக்கு வந்துவிட்டேன். நீங்கள் நிற்கிற இடம் எது என்று ஆற்றோரத் தென்னந்தோப்புக் காவல்காரரிடம் கேட்டேன். தூண்டில்காரருடைய மச்சான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, கேலி பேசற மச்சான் நீங்கதானுங்களா?"

என் பெருமை அமராவதி ஆறு வரைக்கும் வந்திருக்கிறது. "ஆமாங்க. பாவம், ஏழு வருசம் வந்தும் ஒரு மீனு புடிக்கத் தெரியலை அவருக்கு" என்றேன்.

"ஆருங்க சொன்னது? ஒரு பொழுதுக்குப் பத்து மீனு புடிப்பாருங்க. கையில வெச்சு ஒருக்காப் பாப்பாரு. தண்ணியில உட்ருவாரு."

"எதுக்குங்க?"

"நானுங் கேட்டனுங்க. சிரிச்சாரு, சொல்லலீங்க. ஊட்டுக்கு ஒண்ணாவது கொண்டுட்டுப் போலாமுல்லீங்கன்னேன். எம்பட மச்சான் கூட வர்ற அன்னிக்குக் கொண்டுட்டுப் போறனுங்கன்னாரு."

அவர் தேங்காய் பொறுக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். ஒன்றும் மாட்டவில்லை என்று ஏழு வருசம் என்னிடம் பொய் சொன்னீர்களா? நான் அத்தனை கேலி பேசியும் ஒரு மீனைக் கொண்டுவந்து என் மூஞ்சியில் வீசலாமே, ஏன் செய்யவில்லை? பிடித்ததை விடுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போக வேண்டும்? மாப்பிள்ளை, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மதியம் ஆகிறபோது குடைக்கம்பி வளைந்தது. ஜெபமணி சொன்ன மாதிரி வெடுக்கென்று இழுக்கவில்லை. கம்பு வழியாக உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு வந்தது. இவ்வளவு சின்ன உயிர் இத்தனை தூரத்திலிருந்து கையைத் தட்டிக் கூப்பிடும் என்று நீங்கள் ஏன் சொல்லவே இல்லை? சொன்னீர்களோ? நான்தான் காதில் வாங்கவில்லையோ?

ஓர் உள்ளங்கை நீளக் கெண்டை. முள்ளைக் கழற்றி ஈரக்கையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் விடுகிற மீனை உங்கள் இலையிலேயே வைப்பதா? மச்சான் வருகிற அன்றைக்குக் கொண்டு போகிறேன் என்றவர் நீங்கள், மச்சான் வந்துவிட்டேன். அப்படியானால் கொண்டு போவதா? சரசுவுக்கு என்ன சொல்வது? அந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள். இடது கையால் செல்போனை எடுத்தேன்.

"கெடைச்சுதுங்களாண்ணா?"

என்னையும் அறியாமல், "இல்ல சரசு, ஒண்ணும் மாட்டலை" என்றேன். உங்கள் வார்த்தை, அதே இழுவையோடு.

"செரீங்ணா, பொழுதோட வந்து சேருங்க" என்று வைத்துவிட்டாள். விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். சரியா தப்பா என்று கேட்காதீர்கள்.

ஆனாலும் நாளைக்கு உங்கள் இலையில் மீன் உண்டு. எப்படி என்று பிறகு சொல்கிறேன். வீட்டுக்குள் வந்து அதைத் தட்டில் வைத்ததும் சரசு மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லைன்னீங்களேண்ணா?" என்றாள். கேலிக்குச் சொன்னேன் என்றேன். "ஒரு நாளாச்சும் மனுசன் மாதிரிப் பேசறீங்களா" என்று திட்டிக்கொண்டே மீன் சட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். திட்டும்போது வாய் சிரித்தது. நீங்கள் விட்ட மீன்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. படையல் முடியட்டும், உட்கார வைத்துச் சொல்கிறேன். இனி மாதத்துக்கு ஒரு ஞாயிறு கொமரலிங்கம் வருவேன். உங்கள் இடத்திலேயே நின்று பிடிப்பேன். கையில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு விடுவேன். எதற்கு என்று தெரிகிற வரைக்கும் வருவேன். இது சத்தியம்.

மீன் வந்த விதம் இதுதான். வலது கையில் கெண்டை, இடது கையில் போன தீபாவளி போனஸில் வாங்கின செல்போன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். குனிந்தேன். ஒரு கையில் இருந்ததைத் தண்ணீரில் விட்டேன். இன்னொரு கையில் இருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பை அதிர்ந்தது. சரசு மறுபடியும் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக் காதில் வைத்து, "சொல்லு சரசு" என்றேன். காது ஈரமானது. கெண்டையைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் அரைமணி நேரம் துழாவினேன். அதற்குள் பையில் துடிப்பு அடங்கிவிட்டது. செல்போன் அமராவதியில், உங்கள் இடத்திலேயே இருக்கிறது. நம்பர் பழையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் சரசுவுக்கு அண்ணன், உங்களுக்கு என்றும் மச்சான்,
பழனிச்சாமி