மறுமுனையில் கண் வைத்தவனுக்கு

இன்று காலை எங்கள் வீட்டுக்கு இணையத்துக்காகக் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தார்கள். வந்தவர் முனையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது மாதிரி இருந்தது. அவர் முனைக்குள் எட்டிப் பார்க்கப் போக, என்னையறியாமல் அதட்டிவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் இரண்டு கட்டடங்களை நாம் கேபிளால் இணைத்தோமே, அதுதான் நமக்கு முதல் கண்ணாடி இழை. அதுவரை செம்புக் கம்பிதான் தெரியும். எந்த இழை எது என்று கண்டுபிடிக்க, அலுவலகத்தில் நான் ஒரு முனையில் டார்ச் அடிப்பேன். ஷெட்டில் நீ மறுமுனையைக் கண்ணருகே பிடித்து வெளிச்சப் புள்ளியைத் தேடுவாய். அன்று மதியம் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், உன்னிடம் சொல்லாமலே ஒரு இழையை நெட்வொர்க் பெட்டியில் செருகி கரண்டும் கொடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி வரும், முனைக்குள் பார்த்தால் கண் கெடும் என்று பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

ஓடி வந்தேன். நீ வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாய்.

"இன்னா மாமே, டார்ச்ச எங்க வெச்சிகினு கீற? ஒண்ணும் தெர்லியே."

நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் கண் டாக்டரிடம் நீ தனியாகத்தான் போனாய். என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டதற்குப் பெருமூச்சு விட்டாய்.

"வுடு மாமே, போனது போச்சு. இனிமே இந்தப் பொடி வேலைய நீ பாரு."

நாம் சேர்ந்து வேலை செய்த பதினைந்து வருடமும் நான்தான் பார்த்தேன். தலைமயிர் கனமே உள்ள கண்ணாடி இழைக்கு மேல்தோல் உரிப்பது, துடைப்பது, உடைந்த துணுக்குகளை ஒன்று விடாமல் டேப்பில் ஒட்டி எடுப்பது, முனைக்கு மூடி போடுவது எல்லாம் நானே. நீ டீயோடு உட்கார்ந்து, சுருளைப் பெரிதாக விடு, நெருக்கி மடிக்காதே என்று நச்சரிப்பாய். நீ மூக்குக்கண்ணாடி போட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் கொரட்டூரில் உன் வீட்டில், நீ இறந்த முப்பதாம் நாள் ஜெபம். எல்லோரும் போனபின் உன் மனைவி ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவரு கண்ணுக்கு ஒண்ணுமே ஆகலண்ணே. டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு. பொடி வேலைக்கு இவருக்குப் பொறுமை கெடையாது. நீங்க பயந்துகினு செஞ்சீங்க, அப்படியே வுட்டுட்டாரு. கண்ணாடி நாப்பது வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

அடப்பாவி. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இத்தனை வருடப் பாரம் இறங்கிய நிம்மதியில் வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

அந்தப் பயத்தில்தான் இந்தத் தொழில் என் கைக்கு வந்தது. பயம் போன பிறகும் எந்த முனையைத் தொடுமுன்பும், மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட்டு எல்லாம் நிறுத்தியாயிற்றா என்று இரண்டு தடவை கேட்கிறேன். நீ என்னை ஏய்த்தது போகட்டும். கடைசி வரை உனக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அது போதும் மச்சான்.