வயலின் கேட்டேன், டிரம் தந்தார்கள்

2025 ஜூலை 5, சனி

நஸ்ரி தொலைபேசி எடுத்தார். கொழும்பு இசைக்குழு துறைமுகப் பக்க மண்டபத்தில் வாசிக்க வருகிறது. உள்ளூரில் ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. வயலினுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தேன்.

"வயலினுக்கு அங்கேருந்தே ஆள் வருது கீர்த்தனி டீச்சர். சைட் டிரம்முக்குத்தான் ஆளில்ல. நீங்க பள்ளிக்கூட பாண்ட் பழக்குறீங்கதானே?"

பழக்குகிறேன்தான். அதற்காக? முதல் பாதியில் வரும் அந்த வயலின் கொன்சேர்ட்டோவை ஆறு வருடமாகக் குசினிக் கதிரையிலிருந்து தனியாக வாசித்துப் பழகியவள் நான். அதற்கு நான் தேவையில்லை. இரண்டாம் பாதியில், எங்கோ யுத்தம் நடந்த காலத்தில் ஒருவர் எழுதிய சிம்பொனிக்கு டிரம் அடிக்கட்டாம்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 9, புதன்

தலையணையில் அடித்துப் பழகினேன். அதற்கே என் கணவர் ரஜீவன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

ஒத்திகை. என் முறை வரும்வரை நூற்றுக்கு மேல் எண்ணிக்கொண்டு சும்மா நின்று, பிறகு நாலு அடி. அந்த நாலும் பிந்திவிட்டதாம். எல்லோருக்கும் முன்னால் சொன்னார் நடத்துனர்.

வீட்டுக்கு வந்து ரஜீவனிடம் நுழைவுச்சீட்டை நீட்டினேன்.

"வயலினுக்கு வாறன். மற்றது ஏலாது."

"நான் வாசிக்கிறதே மற்றதிலதான். எனக்காக ஒரு நாள் இருக்கேலாதே?"

"இருக்கேலுமெண்டா இருக்கமாட்டனே?"

இரண்டாயிரத்து ஆறில் செல்லடிக்குள், இலங்கைத்துறையில், பதினாறு வயதில் மூன்று நாள் பதுங்குகுழியில் கிடந்த மனிசன். தெரிந்துதான் கேட்டேன். தெரிந்தும் கோபம் வருது — என்ன பொம்பிளை நான்?

ஜூலை 19, சனி

கொன்சேர்ட்டோவை மேடையோரம் நின்று கேட்டேன். வாசித்த பெண்ணில் குறை தேடினேன்; கிடைக்கவில்லை. அதுவும் எரிச்சல்.

இடைவேளை முடிந்து டிரம்முக்குப் போனால் ரஜீவனின் கதிரை வெறுமை. அதைப் பார்த்துப் பார்த்தே அடித்தேன். ஒரு அடியும் பிந்தவில்லை. நடத்துனர் தலையசைத்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

வெளியே வந்தால், மண்டபச் சுவரோடு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சேட்டு முழுக்க வியர்வை. கையில் நிகழ்ச்சித்தாள்.

"முழுக்கக் கேட்டனான். முப்பத்தெட்டு நிமிசமெண்டு இதில போட்டிருக்கு. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டே நிண்டனான். நாப்பத்தொண்டு எடுத்தனீங்கள்."

"நடத்துனர் கொஞ்சம் மெதுவா..."

"அந்தக் கடைசி மூண்டு நிமிசமும்தான் பெரிய கஷ்டமாப் போச்சு."

சாவியைப் போட்டார். ஸ்டார்ட் செய்யவில்லை.

"அப்ப, அந்தக் குழிக்குள்ள, எப்ப முடியுமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

இத்தனை வருடத்தில் அதைப் பற்றி இவ்வளவு கதைத்தது இன்றைக்குத்தான். பின்னால் ஏறி இருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

நஸ்ரி மறுபடி தொலைபேசி எடுத்தார். அடுத்த மாதம் மட்டக்களப்பிலும் அதே நிகழ்ச்சி. எனக்கு டிரம்தான். மனம் எரிய எரிய ஓம் என்றேன்.

ரஜீவன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை தூக்கவில்லை.

"கதவுக்குக் கிட்டக் கதிரை எடுக்கேலுமோ எண்டு கேளும்."